எழுத்துக்கு ஒரு விரல்! அது மாறினால் வேகம் போச்சு!

டைப் அடிக்கும் பழக்கத்தில் இருக்குது அரசு வேலை

சாகுபுரம்,

"டைப் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டால், இன்று எல்லோரும் "ஓ, தெரியுமே!" என்கிறார்கள்.

செல்போன் இல்லாத கை இல்லை. கம்ப்யூட்டர் இல்லாத ஆபீஸ் இல்லை. மளிகைக் கடையில் கூட பில் மெஷின் வந்துவிட்டது.

ஆனால் "எப்படி அடிக்கிறீர்கள்?" என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. ஒருவர் இரண்டு ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு கோழி கொத்துவது போல் கொத்துகிறார். இன்னொருவர் வலது கையாலேயே முழு லெட்டரையும் முடிக்கிறார். காலேஜ் பையன் கட்டை விரல் இரண்டையும் போனில் படபடவென்று ஓட்டுகிறான். இன்ஸ்டிடியூட்டில் படித்த பெண்ணோ, கீழே பார்க்காமல் பத்து விரலாலும் மளமளவென்று அடித்துத் தள்ளுகிறார்.

அது அவரவர் பழக்கம். இதில் செய்தி என்ன இருக்கிறது?

இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் பல வீட்டுப் பிள்ளைகளின் அரசு வேலை இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கு மணிக்கட்டு வலியும் அதனால்தான் வருகிறது.

இதோ முழு விவரம்:-

உப்பும் கப்பலும் கொடுத்த வேலை

திருச்செந்தூர் சாலையில் ஆறுமுகநேரியை ஒட்டி இருக்கிறது சாகுபுரம். 1950-களின் கடைசியில் டி.சி.டபிள்யூ. ரசாயனத் தொழிற்சாலை இங்கே வந்தது. இந்தக் கரையில் விளையும் உப்புதான் காஸ்டிக் சோடாவுக்கு மூலப்பொருள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள்.

வடக்கே தூத்துக்குடி. 1974-ம் ஆண்டு ஜூலை மாதம் அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

தொழிற்சாலை, உப்புக் கம்பெனி, கப்பல் ஏஜெண்டு ஆபீஸ், கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தில் பொதுவாகத் தேவைப்பட்ட ஆள் ஒருவர் உண்டு. டைப்பிஸ்ட்!

ஏற்றுமதிக் கடிதம் என்றால் ஒரு பிரதி போதாது. தாளுக்கு இடையே கார்பன் வைத்து நாலைந்து பிரதி எடுக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் எல்லா பிரதியிலும் ரப்பர் வைத்து அழிக்க வேண்டும். டன் கணக்கில் ஒரு பூஜ்யம் கூடிப்போனால் கேட்கவே வேண்டாம்.

அதனால் வேகமாக அடித்தால் மட்டும் போதாது. பிழை இல்லாமல் வேகமாக அடிப்பவருக்குத்தான் நாற்காலி.

ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் என்று அப்போது பல மெஷின்கள். இந்தியாவிலேயே செய்த டைப்ரைட்டரை கோத்ரெஜ் நிறுவனம் 1955-ல் கொண்டு வந்தது. அந்தத் தயாரிப்பு 2009-ல் நின்றது.

மெஷின் தயாரிப்பு நின்றது. பரீட்சை நிற்கவில்லை.

10 நிமிடம், 1,500 தட்டு

தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் பரீட்சையை நடத்துவது அரசுத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயர் எனப்படும் ஜூனியர், ஹையர் எனப்படும் சீனியர் என்று படிகள் உண்டு. கம்ப்யூட்டர் வந்து பல வருஷம் ஆன பிறகும், இந்தப் பரீட்சை பழைய மெஷினில்தான் நடந்து வந்தது.

ஆங்கில ஜூனியர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை. சீனியர் என்றால் 45 வார்த்தை.

இங்கே வார்த்தை என்பது அகராதி வார்த்தை அல்ல. ஐந்து தட்டு சேர்ந்தால் ஒரு வார்த்தை என்று கணக்கு. நடுவில் விடும் இடைவெளியும் ஒரு தட்டுதான்.

ஆக, ஜூனியர் மாணவர் 10 நிமிடத்தில் 1,500 தட்டு தட்ட வேண்டும். விநாடிக்கு இரண்டரை தட்டு. சீனியருக்கு 2,250 தட்டு. விநாடிக்கு ஏறக்குறைய நாலு.

இந்த சர்டிபிகேட்டுக்கு என்ன மவுசு?

டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 பரீட்சை பற்றித் தெரியாத வீடு இங்கே கிடையாது. 200 கேள்வி, 300 மார்க். அதில் தட்டச்சர் வேலைக்கு, எழுத்துத் தேர்வு மார்க்கோடு டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டும் வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவருக்கு முதலிடம். ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும் முடித்தவருக்கு அடுத்த இடம்.

இளநிலை உதவியாளர் வேலைக்குப் போட்டி பெருங்கூட்டம். தட்டச்சருக்கு கட்-ஆப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். அதனால்தான் "படிப்போடு படிப்பாக டைப்பும் முடிச்சு வச்சுக்கோலே" என்று பெரியவர்கள் பிள்ளைகளை விரட்டுகிறார்கள்.

பிள்ளை போகிறான். மெஷின் முன் உட்காருகிறான். ஆனால் அவன் விரல்கள் ஏற்கெனவே வேறு ஒரு பாடம் படித்துவிட்டு வந்திருக்கின்றன. அது போனில் படித்த பாடம். வினை அங்கேதான் ஆரம்பம்!

"கீழே பார்க்காதே!"

இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஏ, எஸ், டி, எப், ஜி, எப். தமிழில் ய, ள, ன, க, ப, க. நடு வரிசையில் இடது கை விரல்கள் உட்காரும் இடம் அது. வலது கைக்குப் புள்ளி, ட, ம, த, கால், த.

"யளனகபக, யளனகபக" என்று தாள் தாளாக அடிக்க வேண்டும். பார்ப்பவருக்கு, இது என்ன மந்திரமா என்று தோன்றும்.

மந்திரம் இல்லை. விரலுக்கு வீடு காட்டும் வேலை. சுண்டு விரல் வீடு ய. மோதிர விரல் வீடு ள. நடு விரல் வீடு ன. ஆள்காட்டி விரல் வீடு க. பக்கத்தில் உள்ள ப எழுத்துக்கும் அதே ஆள்காட்டி விரல்தான் போய் வர வேண்டும். எங்கே போனாலும் திரும்ப வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

மாஸ்டர் அதட்டுவது ஒன்றே ஒன்றுதான். "கீழே பார்க்காதே!"

ஏன் பார்க்கக் கூடாது? ஒரு சின்னக் கணக்கு.

ஒரு வரிக்கு சுமார் 70 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 தட்டுக்கு ஏறக்குறைய 21 வரி. வரிக்கு ஒருமுறை கீழே பார்த்து, மறுபடி தாளில் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு விநாடி ஆனால், மொத்தம் 42 விநாடி அவுட். விநாடிக்கு இரண்டரை தட்டு வீதம், சுமார் 105 தட்டு போச்சு!

விரல் மெதுவாகப் போனதால் வந்த நஷ்டம் இல்லை இது. கண் அலைந்ததால் வந்தது.

500 டாலர் பந்தயம்!

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் அமெரிக்காவில் ஒரு கோர்ட்டு சுருக்கெழுத்தாளர். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த பிராங்க் மெக்கரின்.

அமெரிக்கர் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய டைப்ரைட்டரை ரெமிங்டன் கம்பெனி 1870-களில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நம் கம்ப்யூட்டரில் மேல் வரிசையில் கியூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய் என்று இருக்கும் அடுக்கு அப்போது வந்ததுதான். எழுத்துக் கம்பிகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளாமல் இருக்க அப்படி அடுக்கினார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வேறு காரணம் சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

ஆரம்பத்தில் எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தார்கள். 1882-ல் சின்சினாட்டி நகரில் லாங்லி என்ற அம்மாள், எல்லா விரலையும் பயன்படுத்துங்கள் என்று சொல்லிப் பாடப் புத்தகம் போட்டார். பலர் சிரித்தார்கள்.

1888-ம் ஆண்டு ஜூலை 25. அதே சின்சினாட்டியில் 500 டாலர் பந்தயம். ஒரு பக்கம் மெக்கரின். விசைப்பலகையை மனப்பாடம் செய்து, பார்க்காமல் அடிப்பவர். எதிர்ப்பக்கம் லூயிஸ் டிராப். வேறு வகை மெஷினில் பார்த்து அடிப்பவர். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, கில்லாடி.

முதலில் ஒருவர் சொல்லச் சொல்ல 45 நிமிடம் அடிக்க வேண்டும். பிறகு தாளைப் பார்த்து 45 நிமிடம். இரண்டிலும் மெக்கரின் ஜெயித்தார்.

கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? தாளைப் பார்த்து அடிக்கும்போது மெக்கரினின் வேகம் கூடியது. டிராப்பின் வேகம் குறைந்தது. ஒருவர் கண் தாளை விட்டு நகரவில்லை. இன்னொருவர் கண் தாளுக்கும் விசைக்கும் நடுவே ஓடியே களைத்துவிட்டது.

பத்து விரலும் வேண்டுமா?

"அப்படியானால் இரண்டு விரலால் அடிப்பவன் உருப்படவே மாட்டானா?" என்று கேட்கலாம்.

அப்படியும் இல்லை. இதைப் பற்றி பின்லாந்து நாட்டின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. 30 பேரைப் பிடித்து, விரல் அசைவைக் கேமராக்களால் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிலர் முறையாகப் படித்தவர்கள். சிலர் தானாகக் கற்றவர்கள்.

முடிவு ஆச்சரியம்! ஐந்தாறு விரலால் அடிப்பவர்களில் சிலர், பத்து விரல்காரர்களுக்குச் சமமாக ஓடினார்கள்.

அந்த வேகக்காரர்களிடம் பொதுவாக இருந்தது மூன்று பழக்கம்.

ஒன்று: ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே விரல். இன்று நடு விரல், நாளை ஆள்காட்டி விரல் என்று மாற்றவில்லை.

இரண்டு: கை அதிகம் அலையவில்லை.

மூன்று: ஒரு எழுத்தைத் தட்டும்போதே அடுத்த எழுத்துக்கு விரல் தயாராகிவிட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. தானாகக் கற்றவர்கள் அடிக்கடி விசையைப் பார்த்தார்கள். முறையாகப் படித்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். மனதில் இருப்பதை அடிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. பரீட்சைத் தாளையோ மனுவையோ பார்த்து அடிக்கும்போது, டிராப்புக்கு நேர்ந்த கதிதான்.

ஆக, எத்தனை விரல் என்பது முக்கியம் இல்லை. எந்த எழுத்துக்கு எந்த விரல் என்பது மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். பத்து விரல் பாடம் செய்வது அதைத்தான்.

மூக்கால் அடித்தவர்!

விரலே இல்லாமல் அடித்தவரும் உண்டு. டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த வினோத் குமார் சவுத்ரி, மூக்கு நுனியால் ஆங்கில எழுத்து 26-ஐயும் 26 விநாடிக்குள் தட்டி கின்னஸ் சாதனை படைத்தார். விநாடிக்கு ஓர் எழுத்து! நம்ம பிள்ளைகள் விரல் இருந்தும் விநாடிக்கு இரண்டரை தட்ட மாட்டோம் என்றால் எப்படி?

முத்தையாவின் மூளை

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. இதை எப்படி ஒரு மெஷினுக்குள் அடக்குவது?

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்த ஆர்.முத்தையா என்பவரைத்தான் தமிழ் டைப்ரைட்டரின் தந்தை என்று போற்றுகிறார்கள். பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் என்று போனவர். ஆபீஸில் ஆங்கில டைப்ரைட்டரைப் பார்த்தவருக்கு, "தமிழுக்கு ஏன் இது கூடாது?" என்று தோன்றிவிட்டது.

அவர் கண்ட வழி "நகரா விசை". சாதாரணமாக ஒரு விசையைத் தட்டினால் தாள் ஓர் இடம் நகரும். புள்ளி விசையைத் தட்டினால் மட்டும் நகராது. முதலில் புள்ளியைத் தட்டு; தாள் அங்கேயே நிற்கும். அடுத்து க-வைத் தட்டு. புள்ளிக்குக் கீழே க வந்து உட்காரும். "க்" ரெடி!

முதல் உலகப் போர் முடிந்த பிறகு, ஜெர்மனியின் சைடல் அண்ட் நவ்மன் கம்பெனி அவர் அமைப்பில் மெஷின் செய்து கொடுத்தது.

1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தமிழ் மெஷினுக்கும் தமிழ் டைப்பிஸ்ட்டுக்கும் அரசு ஆபீஸ்களில் தேவை கூடியது. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணை ஆனது. தும்பிக்கை போட்டு எழுதிய லை, னை, சுழித்து எழுதிய ணா, றா, னா போன்ற 13 எழுத்துகள் மாறின. பழைய வடிவங்களுக்குத் தனி எழுத்து தேடும் வேலை டைப்பிஸ்ட்டின் விரலுக்கு மிச்சம்!

ஒரே ஊர், மூன்று கணக்கு

கம்ப்யூட்டர் வந்ததும் புதுக் குழப்பம் வந்தது.

1980-களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் "முரசு அஞ்சல்" கொண்டு வந்தார். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும் முறை அதில் பிரபலமானது. 1999-ல் சென்னையில் "தமிழ்நெட் 99" மாநாடு நடந்தது. அதன் பிறகு "தமிழ்-99" என்ற விசைப்பலகையைத் தமிழக அரசு அங்கீகரித்தது. அதில் உயிர் எழுத்தெல்லாம் இடது கைக்கு. மெய் எழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. "க்க", "த்த" என்று ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் புள்ளி தானாக விழும்.

ஆக, தமிழ் அடிக்க இன்று மூன்று வழி. பழைய டைப்ரைட்டர் முறை, தமிழ்-99, ஆங்கில வழி.

எது வேகம்? எண்ணிப் பார்த்துவிடலாம். ஷிப்ட் விசையை விட்டுவிட்டுக் கணக்கு இது.

"வணக்கம்": தமிழ்-99 முறையில் 6 தட்டு. டைப்ரைட்டர் முறையில் 7. ஆங்கில வழியில் 8.

தமிழ்-99 ஜெயித்தது என்று கைதட்டிவிடாதீர்கள்.

"சாகுபுரம்": டைப்ரைட்டர் முறையில் 7 தட்டுதான். "கு", "பு" இரண்டுக்கும் அதில் தனித்தனி எழுத்து இருக்கிறது. ஷிப்ட்டோடு ஒரு தட்டில் விழுந்துவிடும். தமிழ்-99 முறையில் 9. ஆங்கில வழியில் 10.

"தூத்துக்குடி": தமிழ்-99 முறையில் 10. ஆங்கில வழியில் 13.

ஆங்கில வழி ஒவ்வொரு வார்த்தையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. மற்ற இரண்டும் ஊருக்கு ஊர், வார்த்தைக்கு வார்த்தை மாறி மாறி ஜெயிக்கின்றன.

அதனால் "எந்த முறை நல்லது?" என்று சண்டை போடுவதை விட, ஒன்றைப் பிடித்தால் அதையே பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

காலையில் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர் முறை. மதியம் ஆபீஸில் தமிழ்-99. ராத்திரி போனில் ஆங்கில வழி. ஒரே ஆள்காட்டி விரலுக்கு மூன்று வீடு! ஆங்கில "எப்" எழுத்து இருக்கும் விசையைத் தட்டினால் டைப்ரைட்டர் முறையில் க விழும். தமிழ்-99 முறையில் புள்ளி விழும். விரல் பாவம், என்னதான் செய்யும்? கொஞ்சம் திகைக்கும். அந்தத் திகைப்புதான் பரீட்சை ஹாலில் பிழையாக விழுகிறது.

மெஷின் பழக்கம் வேறு. கம்ப்யூட்டர் பழக்கம் வேறு

மெஷினில் படித்தவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். டக், டக், டக் என்று அடி!

மெஷினில் ஓங்கித் தட்டினால்தான் கார்பன் பிரதியில் எழுத்து விழும். ஒரு விசையை விட்ட பிறகுதான் அடுத்ததைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கம்பியும் நடுவழியில் கட்டிப் புரளும். வரி முடியும் முன் மணி அடிக்கும். இடது கையால் கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

கம்ப்யூட்டரில் இது எதுவும் வேண்டாம். லேசாகத் தொட்டால் போதும்.

இன்னும் ஒரு விசேஷம். 2018-ல் ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1,68,000 பேர் அடித்த 13 கோடியே 60 லட்சம் தட்டுகளை ஆராய்ந்தன. சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 வார்த்தை. மிக வேகமாக அடிப்பவர்கள், முந்தைய விசையை விடும் முன்பே அடுத்த விசையை அழுத்திவிடுகிறார்கள். மெஷினில் செய்தால் சிக்கும். கம்ப்யூட்டரில் அதுதான் வேகம்!

வேகக்காரர்கள் செய்யும் பிழையும் குறைவு என்று அதே ஆராய்ச்சி சொல்கிறது. அவசரக்காரன் வேறு, வேகக்காரன் வேறு.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

"எங்களுக்கு டைப் எதற்கு, நாங்க வியாபாரி" என்று சொல்லும் அண்ணாச்சிமார்களுக்கும் இதில் பாடம் உண்டு.

கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. செல்போனில் மேல் வரிசை 1, 2, 3. இரண்டும் தலைகீழ்! ஏ.டி.எம். மெஷினும் போன் வழியில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் விசைப்பலகையின் வலது ஓரத்து எண்களோ கால்குலேட்டர் வழி.

நாள் முழுக்க கால்குலேட்டர் தட்டிய விரல், அதே வேகத்தில் போனில் பணம் அனுப்பினால் 100 ரூபாய் 700 ஆகிவிடும். போனில் தொகை தட்டும்போது மட்டும் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எண் பலகையில் 5 மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். அது நடு விரலின் வீடு. அங்கே நடு விரலை வைத்துப் பழகினால், பில்லைப் பார்த்தபடியே எண்ணைத் தட்டலாம். எழுத்துப் பலகையிலும் "எப்", "ஜே" இரண்டிலும் அதே மேடு உண்டு. இரண்டு ஆள்காட்டி விரலின் வீடு அது. பலரும் வருஷக்கணக்கில் தடவிப் பார்க்காமலே இருக்கிறார்கள்.

கட்டை விரல் படை

போனில் அடிப்பவர்களையும் லேசாக நினைக்க வேண்டாம்.

2019-ல் 37,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆராய்ச்சியில், போனில் சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 வார்த்தை என்று தெரிந்தது. இரண்டு கட்டை விரலால் அடித்தவர்கள் 38. பத்து வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகள், தங்கள் அப்பா அம்மா வயதுக்காரர்களை விட நிமிடத்துக்குச் சுமார் 10 வார்த்தை அதிகம் அடித்தார்கள்!

ஆனால் அது போன் சரிசெய்து கொடுக்கும் வேகம். பிழையாகத் தட்டினாலும் போன் திருத்திவிடும். பாதி தட்டினால் மீதியை அதுவே காட்டும். இப்போது வாயால் சொன்னாலும் எழுதிக் கொடுக்கிறது.

பரீட்சை மெஷின் எதையும் திருத்தாது. தட்டியது தட்டியதுதான். சர்வே நம்பரும், பட்டாதாரர் பெயரும், இன்வாய்ஸ் தொகையும் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்துக் கையால் சரியாக அடித்தால்தான் சரியாக இருக்கும். அந்த ஆளுக்குத்தான் ஆபீஸில் வேலை.

என்ன செய்யலாம்?

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும், ஆபீஸில் அடிப்பவர்களும் செய்யக்கூடியவை இவை:-

* நாள் தவறாமல் அரைமணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் அடிப்பதால் விரல் பழகாது.

* முதல் மாதம் வேகத்தை மறந்துவிட வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த விரல் என்பது மட்டும் மாறக் கூடாது.

* கீழே பார்க்கும் பழக்கம் போகவில்லையா? கை மேல் ஒரு துண்டுத் துணியைப் போட்டுக்கொண்டு அடித்துப் பாருங்கள்.

* பரீட்சை முடியும் வரை, தமிழில் அடிப்பதெல்லாம் டைப்ரைட்டர் முறையிலேயே இருக்கட்டும். கம்ப்யூட்டரில் என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் அந்த அமைப்பும் உண்டு. தமிழ்-99 அமைப்பும் உண்டு. பரீட்சை எழுதாதவர்கள் தமிழ்-99 பிடிக்கலாம். போனிலும் "செல்லினம்" போன்ற செயலியில் தமிழ்-99 கிடைக்கிறது.

* எந்தெந்த எழுத்தில் பிழை வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அதே இரண்டு மூன்று எழுத்தாகத்தான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் தனிப்பயிற்சி.

* மணிக்கட்டு மேலும் கீழும் வளையக் கூடாது. முழங்கை மேஜை உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் மாற்றுங்கள். நாள் முழுக்க அடிப்பவர்கள் மணிக்கு ஒருமுறை கையை உதறிவிட வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, ராத்திரி கை கடுத்தாலோ தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

மெக்கரின் 500 டாலருக்கு அடித்தார். ஆறுமுகநேரியிலும் ஆத்தூரிலும் காயல்பட்டினத்திலும் இருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து மெஷின் முன் உட்காரும் பிள்ளைகளுக்குப் பந்தயம் அதைவிடப் பெரிது. மாதம் பிறந்தால் கைக்கு வரும் அரசு சம்பளம்!

அதற்கு முதலீடு அதிகம் இல்லை. விரலுக்கு ஒரு வீடு. தினம் அரைமணி நேரம். கண் மட்டும் தாளை விட்டு நகரக் கூடாது.